மிச்சமான ஏழு போல்ட்

பல் டாக்டரம்மா ஆசைப்பட்டு வாங்கியது இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடித்துவிடக்கூடிய, காயலான் கடைக்குப் பாதி தூரம் போய்விட்ட ஒரு குட்டி இத்தாலியக் கார்.

"இது மலை ஏறிட்டா என் ஒரு பக்க மீசையை எடுத்துடறேன்" என்றான் அவளுடைய அண்ணன்.

மூன்று வருடம், ஞாயிறுதோறும், அவளே கழற்றி அவளே பூட்டினாள். முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் மேலும், பக்கத்து இரும்பையும் சேர்த்து, சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுப்பாள். கோடு விலகினால் போல்ட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். வேலை முடிந்தபோது ஏழு போல்ட் மிச்சம். எங்கே விட்டுப்போனது என்று தலைகீழாக நின்றும் தெரியவில்லை. பிஸ்கட் டப்பாவில் போட்டு, ஷெட்டைப் பூட்டிவிட்டுக் கடற்கரை வரை ஓட்டிப் போனாள்.

திரும்பி வந்து பார்த்தால் டப்பாவில் ஆறு. அடுத்த பயணத்துக்குப் பிறகு ஐந்து. ஒவ்வொரு தடவையும் கார் இன்னும் சமர்த்தாக ஓடியது.

ஒன்றே ஒன்று மிஞ்சியபோது, அண்ணனைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பினாள். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். கார் மூச்சே வாங்கவில்லை. உச்சியில் கைப்பையிலிருந்து ரேசரை எடுத்து நீட்டினாள்.

"சும்மா பேச்சுக்குச் சொன்னேம்மா!"

"நான் சும்மாவா மூணு வருஷம் கிரீஸ்ல குளிச்சேன்?"

வீட்டுக்கு வந்தால் டப்பா காலி. பானெட்டைத் திறந்தாள். அவள் கவனிக்காத ஏழு துளைகளில் ஏழு போல்ட்டும் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பச்சைக் கோடு. அவளிடம் பச்சை கிடையாது.

"யாரு பூட்டினது?" என்றான் அரை மீசைக்காரன்.

"வேலை தெரிஞ்சவங்க."

மறுநாள் ஒரு பச்சை நெயில் பாலிஷ் வாங்கி டப்பாவில் வைத்துவிட்டு, கூரையை மடித்து, நீண்ட பயணம் கிளம்பினாள். திரும்பியபோது பாட்டிலில் கால்வாசி குறைந்திருந்தது. மூடி இறுக்கமாக முடுக்கியிருந்தது. அதன் மேலும் ஒரு பச்சைக் கோடு.