இரண்டு தட்டு

யட்டவத்த மண்டபத்தின் தகரக் கூரையில் மழை இரைகிறது. ஜூடோ மெத்தையில் மல்லாந்து கிடக்கும் பல்லேபொல ஊர் மதுஷிகாவை ஷெரோமி மார்போடு அழுத்திப் பிடித்திருக்கிறாள். இருபது விநாடி பிடித்தால் முழு வெற்றி, மாகாண அணியில் இடம். நேரப் பலகை பதினேழு காட்டும்போது ஷெரோமியின் முதுகில் மதுஷிகாவின் இரண்டு தட்டு விழுகிறது. தோட்டத்துப் பயிற்சியில் அப்படித் தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகப் பொருள், உடனே விட்டுவிட வேண்டும். ஷெரோமியின் கைகள் தாமாகவே தளர்கின்றன. நடுவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. மதுஷிகா உருண்டெழுந்து, திகைத்து எழும் ஷெரோமியை இழுத்துத் தூக்கிப் போடுகிறாள். மெத்தை அதிர்கிறது, மதுஷிகாவுக்கு முழு வெற்றி என்று நடுவரின் கை நேரே மேலே போகிறது. "அந்தப் புள்ள தட்டுச்சே, நான் பார்த்தேனே," என்கிறார் ஓரத்தில் ஷெரோமியின் தாய் மார்ஜரி. "நடுவர் பார்க்கலயே அக்கா. அவர் நிப்பாட்டச் சொல்லாம பிடிய விடக் கூடாதுங்க," என்று பயிற்சியாளர் ரொமேஷ் ஈரத் துவாயை மடித்துக்கொண்டே சொல்கிறார். மெத்தையில் பெண்கள் இருவரும் கலைந்த சட்டையை இழுத்துவிட்டு, பெல்ட்டை இறுக்கி, எதிரெதிரே நின்று குனிகிறார்கள். முகத்தைப் பார்க்காமலே மதுஷிகா வந்து கட்டிக்கொள்கிறாள், ஷெரோமியும் அணைக்கிறாள். முதுகில் மறுபடியும் அதே இரண்டு தட்டு. ஷெரோமியின் கைகள் உடனே விட்டுவிடுகின்றன.