மூன்று விரல் பழுப்பு

ஒட்டுநாடாவை அவன் மெதுவாக உரித்தான்.

மொட்டைமாடி வெயிலில் ஐந்து நாளாகக் கிடக்கிறது பேனா. கறுப்பு எபோனைட். நிப்புக்கு மேலே, விரல் பிடிக்கும் இடத்தில் மட்டும் மூன்று இடைவெளி விட்டு, மற்ற இடமெல்லாம் நாடா சுற்றியிருந்தான். இடைவெளிகளில் மணிக்கொரு தரம் ஈரப் பஞ்சை ஒற்றினான்.

எபோனைட் ஒருவகை ரப்பர். தண்ணீரும் வெயிலும் பட்டால் கறுப்பு பழுப்பாகிவிடும். பழைய பேனா சேர்ப்பவர்கள் இதற்குப் பயந்தே ஜன்னலைச் சாத்தி வைப்பார்கள். அவன் வலியப் போய், வடகம் காயப்போடுவதுபோல் காயப்போட்டிருந்தான்.

மூன்று இடமும் பழுத்திருந்தன.

மணி இரண்டு. நாலு மணிக்கு ஆசீர்துரை வந்துவிடுவார்.

பேனா அவருடைய மனைவியுடையது. டீச்சர். இறந்து இரண்டு வருடமாகிறது.

"மை ஒழுகுது சார். அத மட்டும் பாத்துக் குடுங்க" என்று சொல்லித்தான் கொடுத்துவிட்டுப் போனார்.

அதை மட்டும்.

ஒழுக்கை அடைப்பது பத்து நிமிட வேலை. முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் பேனாவின் கழுத்தில் இருந்த பழுப்பு அவன் கண்ணை உறுத்தியது. அறுபத்து மூன்று பேனா வைத்திருப்பவனின் கண். நைஸ் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தான். பாலீஷ் போட்டான். முகம் தெரிகிற கறுப்பு வந்தது. தன் முகத்தையே அதில் பார்த்துச் சிரித்துக்கொண்டான், மடையன்.

பெருமையாகச் சொல்லத்தான் போன் செய்தான். அவர் முந்திக்கொண்டார்.

"சார், வெரல் தடம் பத்திரமா இருக்குல்லா? நாப்பது வருசம் புடிச்சு எழுதுன எடம். தெனமும் ஜெபம் பண்ணும்போது அதத் தொட்டுக்கிடுவேன்."

அவன் பாலீஷ் துணியைக் கீழே வைத்தான்.

"இருக்கு சார். இன்னும் கொஞ்சம் வேலை கெடக்கு. வெள்ளிக்கிழமை வாங்க."

இன்று வெள்ளிக்கிழமை.

திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். அழுதுவிட்டால்? ஒரு மனுஷி கடைசியாக மிச்சம் வைத்துவிட்டுப் போனதை உப்புத்தாளால் வழித்து வாஷ்பேசினில் விட்டிருக்கிறான்.

தடம் எந்த வடிவத்தில் இருந்தது? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. பழுப்பு என்று பார்த்தானே தவிர, விரல் என்று பார்க்கவில்லை. கடைசியில் தன் விரல்களையே ஸ்டாம்ப் பேடில் ஒற்றி, எழுதுவதுபோல் பேனாவைப் பிடித்து, பதிந்த இடங்களை விட்டு நாடா ஒட்டினான்.

நிறம்தான் மிச்சம். அதில் அவனை யாரும் ஏமாற்ற முடியாது. அவனும் யாரையும் ஏமாற்றியதில்லை, போன வாரம் வரை.

பழுத்த பேனாக்களுக்கென்று தனித் தட்டு ஒன்று வைத்திருந்தான். இளசிலிருந்து முற்றல் வரை வரிசையாக. அவனே வைத்த பெயர்கள்: டிகாஷன், கருப்பட்டி, பழம்புளி. ஒவ்வொன்றையும் எடுத்து அருகில் வைத்துப் பார்த்தான். டிகாஷன் தாண்டிவிட்டது. கருப்பட்டிக்கும் பழம்புளிக்கும் நடுவில் நிற்கிறது. நாற்பது வருடத்துக்குப் போதும்.

ஆனால் வெயில் பழுப்பு மங்கலாக இருக்கும். கைபட்டுப் பழுத்ததில் ஒரு மினுக்கம் இருக்கும். வேட்டி முனையால் தேய்த்தான். போதவில்லை. நெற்றி வியர்வையைத் தொட்டுத் தேய்த்தான். வியர்வைக்குக் குறைவில்லை.

நாலு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார் ஆசீர்துரை. கையில் மஸ்கோத் அல்வா பொட்டலம்.

"ஒங்களுக்குத்தான். முதலூர் போயிருந்தேன்."

அவன் அதை வாங்கி வைத்தான். எங்கே வைத்தான் என்று அப்புறம் ஞாபகமில்லை.

அவர் பேனாவை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கலரு அப்படியே இருக்கு" என்றார்.

அவனுக்கு மூச்சு வந்தது.

அவர் பேனாவை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார்.

கட்டைவிரல் எதையோ தேடியது. நகர்ந்தது. திரும்பி வந்தது. மறுபடியும் நகர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு தேடினார். தன் வீட்டிலேயே இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவர்போல.



"அவ எடதுகைக்காரி சார்" என்றார், கண்ணைத் திறக்காமலே. "நானும் எடது கையாலதான் புடிச்சுப் பாப்பேன். வெரலு மூணும் டக்குனு போயி உக்காந்துக்கிடும்."

அவன் பார்வை தன் வலது கைக்குப் போனது.

அவர் கண்ணைத் திறந்தார். பேனாவை மறுபடி வலது கைக்கு மாற்றிப் பிடித்தார். அந்த இடங்கள் வலது கைக்கு ஒத்துவந்தன, ஆனால் அவருடைய தடித்த விரல்களுக்குச் சின்னதாக இருந்தன.

கோபம் இருக்கிறதா என்று அவர் முகத்தில் தேடினான். தெரியவில்லை.

"நீங்க எழுதுத மாதிரி கொஞ்சம் புடிங்க சார்."

பேனாவை நீட்டினார்.

வாங்காமல் இருக்க முடியவில்லை. வாங்கினான். வேறு மாதிரிப் பிடித்துவிடலாம் என்று நினைத்தான். கை கேட்கவில்லை. முப்பது வருடமாக எழுதுகிற கை, எப்போதும்போல் பிடித்தது.

மூன்று விரலும் மூன்று பழுப்பின் மேல் பிசகாமல் உட்கார்ந்தன.

ஆசீர்துரை பேனாவைப் பார்க்கவில்லை. அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.