ஒவ்வொன்றாக ஏற்றும் வழி

“மூணு வழி இருக்கு சார். சொல்லட்டுமா?” என்றான் சாஃப்ட்வேர்க்காரன்.

“சுருக்கமா சொல்லுங்க தம்பி,” என்றார் முதலாளி.

தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கும் கடை அது. யார் எப்போது வாங்கினார்கள், யாருக்கு எப்போது ஃபில்டர் மாற்ற வேண்டும் என்ற விவரமெல்லாம் பழைய கம்ப்யூட்டரில் குப்பையாகக் கிடந்தன. அவற்றைப் புதிதாக வாங்கிய, வாடிக்கையாளர் விவரம் வைக்கும் சி.ஆர்.எம். சாஃப்ட்வேருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் அவன் வந்திருந்தான்.

“ஒண்ணு, மொத்த ஃபைலையும் ஒரேயடியா ஏத்திடலாம். டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும். ரெண்டு, பழசையும் புதுசையும் இணைச்சு விட்டா அதுவா இழுத்துக்கும். மூணு...” தொண்டையைச் செருமிக்கொண்டான். “ஒருத்தர் படிக்க, ஒருத்தர் ஒவ்வொண்ணா கையால அடிச்சு ஏத்தறது. சில வாரம் ஆகும்.”

“இருக்கிறதுலயே நாளாகிற வழியை எவனாவது எடுப்பானா?”

“பழைய ஃபைல்ல ஒரே ஆளு நாலு இடத்துல இருக்கார் சார். அப்படியே ஏத்தினா அவருக்கு நாலு தடவை போன் போகும். திட்டு உங்களுக்குத்தான் விழும்.”

“ஆமாம் சார்,” என்று குறுக்கே புகுந்தாள் போன் எடுக்கும் பெண். சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது; கூப்பிட்டால்தான் வாயைத் திறப்பாள். “வீடு மாறிப் போனவங்க வேற நிறைய. கையால ஏத்தறதுதான் நல்லது. நானே படிச்சுச் சொல்றேன்.”

வலியப் போய் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளும் பெண்ணைக் கண்டால், கடையில் கணக்கு எழுதும் கணக்கு அக்காவுக்கு மூக்கில் வியர்த்துவிடும். வியர்த்தது.

முதலாளி அரை மனதாகத் தலையாட்டிவிட்டார்.

அடுத்த நாளிலிருந்து பின்னறையில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். பின்னறைக்கும் கடைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதன் இந்தப் பக்கத்துக்கு, காற்று வரவில்லை என்ற சாக்கில், கணக்கு அக்காவின் மேஜையும் நகர்ந்து வந்துவிட்டது.

“இந்த வாத்தியாருக்கு ரெண்டு நம்பர் இருக்கு சார்.”

“எது நிஜம்?”

“கூப்பிட்டுப் பாத்தாத்தான் தெரியும்.”

“மெதுவா பாருங்க மேடம். என்ன அவசரம்?”

சாராம், மேடமாம்! மத்தியானத்தில் அவனுக்குக் கண் சொக்கும். அவள் உடனே படிப்பதை நிறுத்திவிடுவாள். எழுப்புவாள் என்று அக்கா எதிர்பார்த்தால், அவன் தூங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஃபேனைத் தன் பக்கமிருந்து அவன் பக்கம் திருப்பி வைப்பாள். அப்படி ஒரு பார்வையை அக்கா தன் வீட்டில் கொடுத்ததும் இல்லை, வாங்கியதும் இல்லை. அக்காவின் கணவர் வாயைத் திறப்பதே ரிமோட்டைக் காணோம் என்று சொல்லத்தான். தடுப்புக்குப் பக்கத்தில் நின்று நின்று அக்காவின் டீ தினமும் ஆறிப்போனது. கோபம்தான், வேறென்ன!

“கல்யாணம் ஆனவதானே அவ?” என்று ஸ்டோர்க்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆமாம். புருஷன் எங்கயோ வேலைக்குப் போறாராம்.”

“அந்த அப்பாவிக்கு இங்க நடக்கிற கூத்து தெரியுமா?”

“உங்களுக்கேன் அக்கா வம்பு?”

“வம்பா? ஒரு குடும்பத்தைக் காப்பாத்தறேன்யா!”

காப்பாற்றியேவிட்டாள். இரண்டு நாள் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்து பழைய ஃபைலைச் சலித்தெடுத்தாள். நாலு இடத்தில் இருந்தவரை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தாள். நேராக முதலாளி முன்னால் போய் நின்றாள்.

“சார், ஃபைல் சுத்தமாயிடுச்சு. மொத்தமா ஏத்தச் சொல்லுங்க. இவங்க ரெண்டு பேரையும் நம்பினா நம்ம பேரப்புள்ளைங்கதான் வந்து முடிச்சு வைக்கணும்.”

முதலாளிக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? பின்னறைக்கு வந்துவிட்டார்.

“ஏத்திடுங்க தம்பி.”

“சார், பாதிதான் முடிஞ்சிருக்கு. மீதியையும் ஒவ்வொண்ணா சரிபாத்துட்டா...”

“அதெல்லாம் பாத்தாச்சு. ஏத்துங்க.”

அவன் அவளைப் பார்த்தான். அவள் மேஜையைப் பார்த்தாள். பட்டனை அழுத்தினான். திரையில் பச்சைக் கோடு ஒன்று கிளம்பி, கண்மூடித் திறப்பதற்குள் மறுகரையைத் தொட்டுவிட்டது. இவ்வளவு வேகமாகவா ஓட வேண்டும் என்பதுபோல அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“அப்பாடா!” என்றாள் கணக்கு அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படியாக.

சாயங்காலம் அவன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். போன் பெண் வாசல்வரை போனாள். வாசலருகே அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், இல்லாத ஒரு பில்லைத் தேடிக்கொண்டு அக்கா குனிந்தாள்.

“நம்ம விஷயம் தெரிஞ்சிருந்தா எங்க ஆபீஸ்ல என்னை இங்க அனுப்பியே இருக்க மாட்டாங்க,” என்றான் அவன். “இத்தனை நாள் கிடைச்சதே பெரிசு.”

ஆகா, வாயாலேயே ஒப்புக்கொள்கிறான்! அக்கா மூச்சை அடக்கிக்கொண்டாள்.

“இனிமே?”

“இந்த வேலை முடியற வரைக்கும்தான் பகல்ல விட்டாங்க. இன்னிக்கே மறுபடியும் நைட் ஷிஃப்ட்.”

அவள், மடங்கியிருந்த அவன் காலரை எடுத்து விட்டாள்.

“அப்ப நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள நீங்க கிளம்பியிருப்பீங்க,” என்றாள். “சாவியை எதிர்வீட்டுல குடுத்துடுங்க. பாப்பா அழுதா, ‘ஞாயித்துக்கிழமை அப்பா வீட்டுலதான் இருப்பேன்’னு சொல்லிட்டுப் போங்க.”