கழுதை பாடி முடித்த பாட்டு

மழை விட்ட மாலைகளில் விலங்குகளும் பறவைகளும் குளத்தங்கரைப் பாறையில் ஏறி ஆளுக்கொரு பாட்டுப் பாடும். கழுதை மூன்று முறை ஏறி, சிரிப்புச் சத்தம் கேட்டதும் பாதியிலேயே இறங்கியிருந்தது.

அன்று மறுபடியும் ஏறியது. முதல் வரியிலேயே தவளைகள் சிரித்தன. இந்த முறை இறங்காமல், கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரை பாடியது.

"இத்தனை பேர் சிரிச்சாங்களே, வெட்கமா இல்லையா?" என்று மயில் கேட்டது.

"இருந்துச்சு. ரெண்டாவது சரணத்துல போயிடுச்சு. முழுசா பாடிட்டேன், பாத்தியா!"

ஆட்டத்துக்குப் பேர்போன மயில் அதுவரை யார் முன்னும் பாடியதில்லை. தோகையை மடக்கிக்கொண்டு மெல்லக் கேட்டது.

"அந்தப் பாறை வழுக்குமா?"

"கொஞ்சம் வழுக்கும். வா, எங்க நிக்கணும்னு நான் காட்டுறேன்," என்று கழுதை நெஞ்சை நிமிர்த்தி முன்னே நடந்தது.