நீட்டிய விரல்

முற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை ஆஸ்பத்திரிக் கட்டில்மேல் வரிவரியாகப் போட்டிருக்கிறது. கண் திறவாமல் கிடக்கும் மூன்று வயது மகளின் கையைத் தாய் தன் கைக்குள் பொத்தி வைத்திருக்கிறாள். ஊசியோடு வருகிற லேப் அக்காவைக் கண்டதும் பிடி இறுகுகிறது. "நேத்தே குத்திப் பார்த்து மலேரியானு சொல்லிட்டீங்க. மறுபடி எதுக்குக்கா?" லேப் அக்கா கட்டில் ஓரமாக உட்காருகிறாள். "கிருமி இருக்குறது தெரிஞ்சுபோச்சும்மா. பாப்பா இப்படி மயங்கிக் கிடக்கறது அதனாலயா, வேற எதனாலயானுதான் தெரியல. அந்தக் கிருமி விடுற புரதம் ரத்தத்துல எவ்வளவு இருக்குனு பார்த்தா பிடிபடும்." தாய் சட்டென்று மகளின் கையைப் போர்வைக்குள் செருகிவிட்டுத் தன் ஆள்காட்டி விரலை நீட்டுகிறாள். "அவ உடம்புல ஓடறது என் ரத்தம்தானே? இதுல எடுத்துக்குங்க." எத்தனையோ தாய்மாரிடம் ஏச்சு வாங்கிய லேப் அக்காவிடம் ஒருத்தி தன் விரலையே நீட்டுவது இதுதான் முதல் தடவை. போர்வையை விலக்குகிறாள், பிஞ்சு விரலைத் துடைத்துக் குத்துகிறாள். மற்றப் பிள்ளைகள் கத்தி வார்டையே இரண்டாக்கும் நேரம் இது. இவள் முகம்கூடச் சுளிக்கவில்லை. "அழுடி தங்கம், ஒரே ஒரு தரம் அழு" என்று லேப் அக்கா தன்னையறியாமல் முணுமுணுக்கிறாள். மெல்லிய குழாயில் சிவப்பு மெதுவாக ஏறுகிறது. தாயின் விரல் இன்னும் நீட்டியபடியே இருக்கிறது.