படிச்சுச் சொல்லு

"இன்னிக்கு சாயங்காலமே கிளம்பி வந்துடுறேன்க்கா. இனிமே என்னால முடியாது."

போனில் அக்கா பதறினாள். "என்னடி ஆச்சு? குடிக்கிறாரா?"

"இல்ல."

"அடிக்கிறாரா?"

"அடிக்கிறாரு. கம்ப்யூட்டர்ல. நாள் பூரா கணக்கு."

"சே, உயிரே போயிடுச்சு. அவர் தொழிலே கணக்கு எழுதறதுதானேடி?"

"கடைக்காரங்க கணக்கை எழுதட்டும், யார் வேண்டாம்னா? தக்காளி வாங்கிட்டு வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள 'பில்லைப் படிச்சுச் சொல்லு'ங்கிறாரு. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி நான் வரிவரியாப் படிக்கணும். ஒவ்வொண்ணுக்கும் 'கையில இருந்தா, பேங்க்ல இருந்தா?'ன்னு கேள்வி வேற. கடைசியில பில்லை வாங்கிக் கண்ணுகிட்ட வச்சுப் பார்த்துட்டுத்தான் விடுவாரு. நான் பொய் சொல்லிடுவேனாம்!"

"இதுக்கெல்லாம் ஆப் வந்துடுச்சேடி."

"வச்சிருந்தாரே! கலர் கலரா, தொட்டா போதும்கிற மாதிரி. போன வருஷம் அதைத் தூக்கிப் போட்டுட்டு, வெறும் எழுத்தா ஒரு ஃபைல்ல அடிக்க ஆரம்பிச்சாரு. தேதி, சாமான், பணம் எங்க இருந்து வந்துச்சு, எங்க போச்சு. எல்லாம் டைப் பண்ணி முடிச்சா ஒரு சாப்ட்வேர் கூட்டிப் பார்த்து, கணக்கு நேராகுதா இல்லையான்னு சொல்லுமாம். ஆப்புக்குக் கட்டுற சந்தா மிச்சமாம்."

"இவ்வளவு கஞ்சனா அவரு?"

"இன்னும் கேளு. பைக்கை வித்தாச்சு, பெட்ரோல் தண்டம்னு. பேப்பரை நிறுத்தியாச்சு. அவர் ரூம்ல லைட்டே போடறதில்ல. கம்ப்யூட்டர் வெளிச்சத்தைக்கூடக் குறைச்சு வச்சிருக்காரு, கரண்ட் மிச்சமாம். ரோட்டுல போனா என் கையை விடறதே இல்ல. எந்தக் கடைக்குள்ள நுழைஞ்சிடுவேனோன்னு பயம்!"

அக்கா சிரித்துவிட்டாள். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை.

"கேட்டா, 'பொண்ணு படிப்பு முடியற வரைக்கும் பொறுத்துக்கோ'ம்பாரு. முடிஞ்சதும் வாரி இறைக்கப் போறாரா? அவருக்குப் பொண்டாட்டி வேண்டாம்க்கா. பில் படிக்க ஒரு ஆள் போதும்."

"சரி, வா. ஆனா சொல்லிட்டு வா."

"சொன்னா காதுல விழுந்தாத்தானே? எப்பவும் இயர்போன். பாட்டுக் கேட்டுக்கிட்டேதான் கணக்கு. எழுதிக் குடுத்துட்டு வர்றேன்."

மகள் சார்ட் எழுதும் தடித்த கறுப்புப் பேனாவை எடுத்தாள். ஒரு வெள்ளைத் தாளில் இரண்டே வரி.

'இனி உங்களோடு என்னால் வாழ முடியாது.

அக்கா வீட்டுக்குப் போகிறேன்.'

பெட்டியை வாசலில் வைத்துவிட்டு அவர் அறைக்குள் போனாள். வேண்டுமென்றே லைட்டைப் போட்டாள். கரண்ட் பற்றி இன்றைக்கு ஒரு வார்த்தை பேசட்டும், பார்க்கலாம்.

அவர் பேசவில்லை. திரும்பவும் இல்லை. விரல்கள் மட்டும் கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்தன.

தோளைத் தட்டினாள்.

"வந்துட்டியா? பில் இருக்கா?"

தாளை அவர் கையில் திணித்தாள்.

அவர் அதை முகத்தருகே கொண்டுபோனார். வழக்கம் போலவே கண்களை மேலிருந்து கீழே ஓட்டினார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கத்தட்டும். கெஞ்சட்டும். ஏதாவது ஒன்று.

"மங்கலா அடிச்சிருக்கான் பாரு," என்றார். "மிஷின்ல மை தீர்ந்திருக்கும். நீயே படிச்சுச் சொல்லு."

தாள் அவர் கையில் தலைகீழாக இருந்தது.

அதை அவளிடம் நீட்டியபோது இயர்போன் ஒரு காதிலிருந்து நழுவி விழுந்தது. பாட்டு இல்லை. உயிரில்லாத ஒரு குரல், அவர் அடித்து வைத்த வரிகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தது. தேதி. சாமான். தொகை.

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். வெளிச்சம் குறைத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. திரை அணைந்தே கிடந்தது.

படமும் கலரும் பட்டனும் இருந்தால் அந்தக் குரல் தடுமாறிப் போகும். வெறும் எழுத்தைத்தான் அது ஒழுங்காகப் படித்துக் காட்டும்.

பைக். பேப்பர். ரோட்டில் அவள் கையை விடாமல் பிடித்திருந்த அந்தக் கை.

கடைக்காரர்களிடம், 'பில்லை போட்டோ எடுத்து அனுப்பாதீங்க, வாயால சொல்லி அனுப்புங்க' என்று அவர் சிரித்துச் சிரித்துச் சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. கண் தெரியாதவரை நம்பி எந்தக் கடைக்காரர் கணக்கைக் கொடுப்பார்? மகளுக்கு இன்னும் ஒரு பரீட்சை பாக்கி.

இந்த இருட்டில் இத்தனை நாள் அவர் தனியாகவே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி. "முதல் வரி என்ன?"

அவள் தாளைப் பார்த்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றும் விரல் தடிமன்.

"பால்," என்றாள். காலையில் வாங்கியது. "நாப்பது."

"கையில இருந்தா, பேங்க்ல இருந்தா?"

"கையில இருந்துதாங்க."

விரல்கள் தட்டின. குரல் திருப்பிச் சொன்னது. அவர் தலையாட்டினார்.

"ம். அடுத்த வரி?"

வாசலில் பெட்டி இருந்தது. தாளை நான்காக மடித்து உள்ளங்கைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

"அடுத்த வரி எதுவும் இல்லீங்க."