சிவப்புப் புள்ளி

ஜெனிஸ்டன் அருளையாவுக்குக் குடுக்கவேண்டியது இருநூற்று எண்பது யூரோ. காசுக்குப் பதிலாக, தன் துப்பாக்கிக்கு மேல் பூட்டியிருக்கிற குறிபார்க்கும் கண்ணாடியைக் கழற்றித் தாறன் என்கிறான். பலெர்மோவுக்கு வெளியே, மலையடிவாரச் சுடுதிடலில் வெயில் தகரக் கூரையைக் காய்ச்சுகிறது. பக்கத்தில் வெடி கேட்கும்போதெல்லாம் அருளையாவின் தோள் தன்பாட்டில் குனிகிறது. இதுவரை கண்ணாடி இல்லாத வெறும் இரும்புக் குறியில்தான் பழகினார். முதல் போட்டிக்கு இரும்புக் குறிப் பிரிவா, கண்ணாடிப் பிரிவா என்று இன்றைக்கே பெயர் குடுக்கவேண்டும்.

"கண்ணாடிக்கு வாங்கோ அண்ணை. புது ஆளுக்கு அதுதான் லேசு."

"ஆருக்கு லேசு? எனக்கோ, உன்ரை கடனுக்கோ?"

குண்டில்லாத துப்பாக்கியை வாங்கி இலக்குத் தாளுக்கு நேரே நீட்டுகிறார். கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி பறக்கிற இலையான் மாதிரி அலைகிறது. "பழுதானதை என்ரை தலையிலை கட்டப் பாக்கிறாய், என்ன?"

"மேசையிலை வைச்சுப் பாருங்கோவன்."

மேசையிலிருந்த மணல்மூட்டையில் துப்பாக்கியைக் கிடத்தி, கையை எடுத்துவிட்டுக் குனிந்து பார்க்கிறார். புள்ளி குத்தினமாதிரி நிற்கிறது. தூக்கினால் திரும்ப அலைகிறது. இத்தாலிய வீட்டுக்காரச் சிஞ்ஞோராக்களின் மாடிப்படிகளைத் தேய்த்த கையைச் சட்டையில் துடைத்துவிட்டு இன்னொருக்கால் தூக்குகிறார். அப்பவும் அலைகிறது.

"இரும்புக் குறியிலை இப்பிடி ஆடேல்லையே?"

"உங்கடை கை அப்பவும் ஆடினது அண்ணை. அதிலை தெரியேல்லை."

அருளையா துப்பாக்கியை வைத்துவிட்டு, பெயர் குடுக்கிற தாளை அவன் பக்கம் தள்ளுகிறார்.

"கண்ணாடிப் பிரிவெண்டே எழுது," என்கிறார். "உன்ரை கடன் முடிஞ்சுது."